மகனின் டீச்சருக்கு என்ன கொடுக்கலாம்?

வணக்கம். நாங்கள் பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். மகன் இந்த செப்டம்பரில்தான் கிண்டர்கார்டன் சேர்ந்தான். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளை, முதல் இரண்டு வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவனுடைய டீச்சர் என்னிடம் கேட்டு, "தண்ணி வேணுமா", "பசிக்குதா", "அம்மா வருவாங்க" மூன்றையும் ஆங்கில எழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் தன் மேசையில் ஒட்டிக்கொண்டார். அந்தச் சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

நவம்பர் நான்காவது வியாழன் இங்கே தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை. அதற்குள் அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். எங்கள் மாநிலமான மாசசூசெட்ஸில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு குடும்பம் தரும் பரிசு 50 டாலருக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சரி, நமக்கும் அது போதும். காபி குவளையும் மெழுகுவர்த்தியும் அவரிடம் நிறைய சேர்ந்திருக்கும். ரவா லட்டு பிடிக்கலாம் என்றால், முந்திரி அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று பயம். மகன் வரைந்த படத்தோடு என் கையால் ஒரு கடிதம் நிச்சயம் உண்டு. கூட வைக்க, வகுப்புக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்த படப் புத்தகம் நன்றாக இருக்குமா, கிஃப்ட் கார்டே மேலா? இங்கே ஆசிரியராக இருப்பவர்கள், நீங்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் பரிசு எது என்று சொல்லுங்களேன்.