புதுப்பிப்பு: காலாப்பட்டில் வேலை, வீடு எங்கே? முத்தியால்பேட்டையில் அமைந்தது

மதுரையிலிருந்து புதுச்சேரிக்கு மாறுகிறோம்; வீடு பார்க்க லாஸ்பேட்டையா, ரெயின்போ நகரா, முத்தியால்பேட்டையா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்த யோசனை இதுதான்: வாடகை பேசும் முன், பெஞ்சல் புயலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டிய புயல். ரெயின்போ நகரில் எங்களுக்குப் பிடித்த வீட்டுக்குப் புது வண்ணம் பூசியிருந்தார்கள். "இங்கே தண்ணீரே நிற்காது" என்றார் உரிமையாளர். பக்கத்து மதிலிலோ முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு. அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றினோம் தம்பி" என்றார். அதோடு அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

முத்தியால்பேட்டையில் மாடி வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம்தான்.

எதிர்பாராதது ஒன்று. சற்று வடக்கே கோட்டக்குப்பத்தில் வாடகை குறைவான வீட்டைத் தரகர் காட்டினார். முன்பணம் கொடுக்கப்போகும்போதுதான் மின் அட்டையைப் பார்த்தேன்: தமிழ்நாடு! அது விழுப்புரம் மாவட்டமாம். மகளுக்குப் பிற்காலத்தில் புதுச்சேரி குடியிருப்புச் சான்று தேவைப்படும் என்பதால் விட்டுவிட்டேன். அந்தக் கவலை இல்லாதவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். தமிழ்நாடு என்பதால் அங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம்.