அம்மாவுக்கு ஹிஸ்டரோஸ்கோப்பி சொல்கிறார்கள், டி அண்ட் சி போதாதா?

உசிலம்பட்டிக்காரன்:
அம்மாவுக்கு 58 வயது, தீட்டு நின்று ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் விடியும் முன்னே எழுந்து சேலையை அலசிக் காயப்போட்டிருக்கிறார், தங்கச்சி பார்த்துக் கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. சுகர் உண்டு, உடம்பும் கொஞ்சம் கனம். மதுரையில் காட்டினோம். உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 11 மில்லிமீட்டர். ஹிஸ்டரோஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டரம்மா. இன்னொரு இடத்தில் கர்ப்பப்பை உள்சவ்வைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி போதும் என்றார்கள். சித்தியோ, பேசாமல் கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள், எங்கள் தெருவில் நாலு பேர் எடுத்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்கிறார். இதற்கிடையில் கேமராவை உள்ளே விட்டால் புற்று பரவிவிடும் என்று யாரோ கிளப்பிவிட, அம்மா வரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

மேலூர் அக்கா:
தம்பி, தியேட்டரில் பல வருடம் நர்ஸாக நின்றவள் சொல்கிறேன். டி அண்ட் சி கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுவது மாதிரி. பல பேருக்குக் கர்ப்பப்பையின் பாதி இடத்தில்கூடக் கருவி படுவதில்லை. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பாலிப், அதாவது சவ்வில் வளரும் சதை, மூலையில் தொங்கினால் கரண்டி அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும், ரிப்போர்ட்டும் நார்மல் என்றே வரும். ஹிஸ்டரோஸ்கோப்பியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை கர்ப்பப்பை வாய் வழியாக விட்டு, சலைன் ஓடவிட்டு விரித்து, திரையில் பார்த்துக்கொண்டே சந்தேகமான இடத்தில் சதை எடுப்பார்கள். ஆனால் பார்த்ததை வைத்து மட்டும் புற்று உண்டு, இல்லை என்று யாரும் முடிவு கட்டக்கூடாது, அதை லேப் சொல்ல வேண்டும்.

தீட்டு நின்றவர்களுக்கு ரத்தம் பட்டு, சவ்வும் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சதை எடுத்தே ஆக வேண்டும். பயப்படாதீர்கள், இப்படிப் படுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் புற்று, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பாலிப் அல்லது சவ்வு வறண்டு மெலிந்திருப்பது. சுகரும் உடல் எடையும் இருப்பதால் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

கேமரா விட்டால் புற்று பரவும் என்ற பேச்சு முழுப் பொய்யும் இல்லை. சலைனோடு சில செல்கள் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போகலாம், அதனால்தான் அழுத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்வார்கள். ஆனால் அப்படிச் செய்துகொண்டவர்களின் ஆயுள் அதனால் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. வயிற்று நீரில் புற்றுச் செல் இருப்பதை வைத்துப் புற்றின் ஸ்டேஜைக் கூட்டுவதையே 2009-ல் விட்டுவிட்டார்கள்.

வைகைக்கரை:
எனக்குச் செய்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை, மயக்க மருந்து இல்லை. தீட்டு வலி மாதிரி இழுத்துப் பிடித்தது, தாங்கமுடியாத வலி இல்லை, கால் மணி நேரத்தில் முடிந்தது. என் மதினிக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கியிருந்ததால் அன்று முடியாமல், இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது.

அப்புறம் ஒன்று, சதையை, அது கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்து பாட்டிலில் போட்டு நம் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். மஞ்சள் பையில் வைத்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், லேப் சீட்டில் ஒரு இனிஷியல், பாட்டிலில் வேறு இனிஷியல்! திரும்ப ஓடினேன். வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

திருமங்கலம் ரவி:
எல்லாருக்கும் எடுத்தவுடன் ஹிஸ்டரோஸ்கோப்பி வேண்டியதில்லை. ஓபியிலேயே பைப்பெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் சதை உறிஞ்சி எடுக்கலாம், செலவும் குறைவு.

மேலூர் அக்கா:
சரிதான் ரவி, பைப்பெல்லில் புற்று என்று வந்துவிட்டால் அதோடு முடிவு தெரிந்துவிடும். ஒன்றுமில்லை என்று வந்தும் ரத்தம் நிற்கவில்லை, அல்லது ஸ்கேனில் பாலிப் மாதிரி தெரிகிறது என்றால் கேமரா வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். தம்பி, சித்தி சொல்கிற மாதிரி நேராக எடுத்துவிடாதீர்கள். புற்று என்றால் ஆபரேஷனே வேறு, கருக்குழாய், சினைப்பை எல்லாம் சேர்த்து எடுத்து, தேவைப்பட்டால் நெறிக்கட்டியும் பார்ப்பார்கள். தெரியாமல் சாதாரணமாக எடுத்துவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். வெறும் பாலிப் என்றால் கர்ப்பப்பையை ஏன் எடுக்க வேண்டும்?

உசிலம்பட்டிக்காரன்:
வைகைக்கரை அக்கா எழுதியதைத் தங்கச்சி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கால் மணி நேரம்தானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வியாழக்கிழமை வருகிறேன் என்றுவிட்டார். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.