ஆம்சர்-2 நீராவி அளவு தீவு ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகவில்லை: எங்கே தேடுவது?

நீராவிக்கணக்கு (கேள்வி)

வணக்கம். இந்தியப் பெருங்கடலின் மேல் காற்றில் இருக்கும் மொத்த நீராவியை ஆம்சர்-2 எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆம்சர்-2 என்பது 2012-இல் ஜப்பானின் ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோளில் போன மைக்ரோவேவ் ரேடியோமீட்டர்தான், அதாவது கடலும் காற்றும் உமிழும் மைக்ரோவேவ் கதிரை அளக்கும் கருவி. கடல் நடுவில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி கிடைப்பது கஷ்டம் என்பதால் டியேகோ கார்சியா, கோகோஸ் என்ற இரண்டு தீவுகளில் இருக்கும் ஐஜிஎஸ் (சர்வதேச வலையமைப்பு) ஜிபிஎஸ் நிலையங்களை எடுத்துக்கொண்டேன். ஜிபிஎஸ் சிக்னல் காற்றில் தாமதப்படுவதிலிருந்தும் நீராவியைக் கணக்கிடலாம்.

பிரச்சினை என்னவென்றால், டியேகோ கார்சியாவில் செயற்கைக்கோள் ஜிபிஎஸ்ஸைவிட மூன்றரை மி.மீ. (நீராவி முழுவதும் தண்ணீரானால் நிற்கும் ஆழம்) கூடுதலாகக் காட்டுகிறது. கோகோஸில் இரண்டு மி.மீ. கூடுதல். எந்த மாதத்தை எடுத்தாலும் இதே கதைதான், புள்ளிகளின் சிதறல்கூடப் பெரிதாக இல்லை, மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி நிற்கின்றன. ஒரே கருவி, ஒரே கணக்கு முறை, இரண்டும் வெப்பமண்டலக் கடல், அப்படியிருக்க இரண்டு தீவுக்கும் ஏன் இரண்டு அளவு?

தீவுகளில் காற்றழுத்தம் அளந்த தரவு என்னிடம் இல்லை, அதனால் நிலையக் கோப்பில் உள்ள உயரத்தைத் தர வளிமண்டலச் சூத்திரத்தில் (உயரத்தை வைத்துச் சராசரி அழுத்தம் சொல்வது) போட்டு அழுத்தம் எடுத்தேன். 2002 முதல் 2011 வரை ஓடிய ஆம்சர்-இ என்ற முந்தைய கருவியின் தரவையும் ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பைனரி கோப்பாக இறக்கிப் படம் போட்டேன். அதில் 75.3, 76.5 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் புள்ளிகள் கோடு கிழித்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. இந்தியாவின் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோளில் உள்ள சவுண்டர் கருவியோ ஆம்சர்-2, ஜிபிஎஸ் இரண்டையும்விடக் குறைவாகக் காட்டுகிறது. ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு மினிக்காய் தீவின் வானிலை பலூன் தரவுக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வான்பிக்சல்

முதலில் அந்தக் கோட்டை முடித்துவிடுவோம், அது சுலபம். அந்த பைனரி கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பைட், அதை 0.3-ஆல் பெருக்கினால் மி.மீ. வரும், ஆனால் 0 முதல் 250 வரைதான் உண்மையான அளவு. 251 என்றால் கனமழையால் நீராவி கணிக்க முடியவில்லை, 252 கடல் பனி, 253 கெட்ட தரவு, 254 அந்த இடத்தில் பார்வையே இல்லை, 255 நிலம். 251-ஐ 0.3-ஆல் பெருக்கிப் பாருங்கள், 75.3 வரும். 255-ஐப் பெருக்கினால் 76.5. பெருக்குவதற்கு முன்பே 250-க்கு மேல் உள்ளதை எல்லாம் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, தீவு இருக்கும் கட்டத்தை எடுக்காதீர்கள். கடல் இந்த அலைவரிசைகளில் ஏறத்தாழ பாதிதான் உமிழும், அதனால் ரேடியோமீட்டருக்குக் குளிர்ந்த தரை மாதிரித் தெரியும், அந்தக் குளிர்ந்த பின்னணியின் மேல் நீராவி சேர்க்கும் வெப்பம் பளிச்சென்று தெரியும். நிலம் அப்படி இல்லை, அது தானே நன்றாக உமிழ்வதால் நீராவியின் பங்கு அதற்குள் அமுங்கிவிடும். ஆம்சர்-2-இன் 23.8 கிகா ஹெர்ட்ஸ் சேனல் ஒரே பார்வையில் சுமார் 15-க்கு 26 கி.மீ. பரப்பைப் பார்க்கிறது, போதாக்குறைக்கு ஆன்டெனாவின் ஓரப் பார்வையும் உண்டு. தீவைச் சுற்றி ஐம்பது முதல் நூறு கி.மீ. தள்ளி வளையமாகக் கட்டங்களை எடுத்துச் சராசரி போடுங்கள். டியேகோ கார்சியா, கோகோஸ் எல்லாம் பவளத் தீவுகள், மெல்லிய கீற்று நிலம்தான், அதனால் மூன்றரை மி.மீ. அளவுக்கு இது காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். இருந்தாலும் செய்துவிட்டு மேலே போங்கள்.

இன்சாட் சவுண்டர் அகச்சிவப்பில் பார்ப்பது. மேகம் இருந்தால் அதற்குக் கீழே தெரியாது. ஆகவே அதன் சராசரி மேகமில்லாத நேரங்களின் சராசரி, அந்த நேரங்களில் காற்றும் வறண்டுதான் இருக்கும். அதை மைக்ரோவேவ் சராசரியோடு நேராக வைத்துப் பார்ப்பது இரண்டுக்குமே நியாயமில்லை. அது பார்த்த அதே மணி நேரங்களை மட்டும் ஜிபிஎஸ்ஸிலிருந்தும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

பலூன்நிலையம்

பலூன் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நான் அந்த வேலையில் இருப்பவன். தம்பி, பலூனைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுக்க பலூன் ஏறுவது 00, 12 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்), அதாவது நமக்குக் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. ஆம்சர்-2 கடப்பதோ உள்ளூர் நேரம் ஒன்றரை மணிவாக்கில், பகலிலும் நள்ளிரவுக்குப் பிறகும். இடைவெளி நாலு மணி நேரம். பருவமழைக் காலத்தில் அந்த நாலு மணி நேரத்தில் ஒரு மேகக் கூட்டமே வந்து போய்விடும்.

அப்புறம் கருவி. ஈரப்பத உணரி மேல் வெயில் பட்டால் அது சூடாகி, இருப்பதைவிடக் குறைந்த ஈரப்பதத்தைக் காட்டும். பலூனில் கட்டி அனுப்பும் வைசாலா ஆர்எஸ்92 மாடல் கருவியில் பகல் நேர வறட்சிப் பிழை நன்றாகவே ஆராயப்பட்ட விஷயம், அதற்குத் திருத்தமும் உண்டு. ஒரு நிலையத்தின் நீண்ட தரவில் நடுவில் எப்போது கருவி மாறியது என்று பார்க்காமல் போட்டால், கருவி மாறியதையே வானிலை மாறியதாகப் படிக்க நேரும். மினிக்காயை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பகல் ஏற்றத்தையும் இரவு ஏற்றத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு, அதுவும் தீவுக்குத் தீவு மாறும் வித்தியாசத்துக்கு, பலூனால் பதில் வராது. ஜிபிஎஸ்ஸில் ஏதோ இருக்கிறது, அதை விடாதீர்கள்.

புவிப்புள்ளி

நிலையக் கோப்பிலிருந்து உயரம் எடுத்தேன் என்கிறீர்களே, அங்கேதான் சந்தேகம். டியேகோ கார்சியாவுக்கு அதில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் 65 மீட்டர் சுமாராக இருக்கும். கோகோஸுக்கு மைனஸ் 35 வாக்கில். ஆன்டெனா கடலுக்கு அடியில் இருக்க முடியாது இல்லையா?

ஜிபிஎஸ் தரும் உயரம் பூமிக்குப் பதிலாக வைக்கும் எலிப்சாய்டு என்ற வழவழப்பான கணித வடிவத்திலிருந்து அளந்தது. கடல் மட்டம் ஒட்டிப் போவது ஜியாய்டை, அதாவது ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கும் பரப்பை. உலகத்தில் பல இடங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்து இருபது மீட்டர்தான், கவனிக்காமல் விட்டாலும் ஓடிவிடும். நீங்கள் எடுத்த கடல் அப்படி இல்லை. பூமியிலேயே ஜியாய்டு மிக ஆழமாகத் தாழும் இடம் இலங்கைக்குத் தெற்கேதான் இருக்கிறது, அங்கே எலிப்சாய்டுக்கு 100 மீட்டருக்கும் கீழே போகிறது. டியேகோ கார்சியாவில் அது 70 மீட்டரைத் தாண்டும், கோகோஸில் 40-ஐ ஒட்டி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஜிபிஎஸ் அளப்பது நீராவியை நேராக அல்ல, சிக்னல் காற்றில் எவ்வளவு தாமதப்படுகிறது என்பதை. நேர் உச்சியில் உலர்ந்த காற்றால் வருவது ஏறத்தாழ 2.3 மீட்டர் தாமதம், வெப்பமண்டலத்தில் நீராவியால் வருவது 0.3 மீட்டர் சுமார். மொத்தத்திலிருந்து உலர் பங்கைக் கழித்தால்தான் நீராவி கிடைக்கும், அந்த உலர் பங்கை முழுக்க முழுக்கத் தரை அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. கடல் மட்டத்துக்கு 65 மீட்டர் கீழே என்று சூத்திரத்திடம் சொன்னால் அது அழுத்தத்தைக் கூட்டித் தரும். ஆன்டெனா உண்மையில் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருப்பதால் உயரப் பிழை மொத்தம் 70 சொச்சம் மீட்டர். கிட்டத்தட்ட எட்டரை மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு), ஆக 70 சொச்சம் மீட்டருக்கு எட்டு எட்டரை ஹெக்டோபாஸ்கல். ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் 2.3 மி.மீ. உலர் தாமதம், மொத்தம் 19 மி.மீ. அந்த 19 மி.மீ. நீராவிப் பங்கிலிருந்து அநியாயமாகக் கழிந்துபோகிறது. நீராவித் தாமதம் ஆறேகால் மி.மீ. என்றால் தண்ணீர் 1 மி.மீ., ஆக ஜிபிஎஸ் 3 மி.மீ. வறட்சியாகிவிடும். கோகோஸுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்றரை சொச்சம் வரும். செயற்கைக்கோள் தன் இடத்திலேயே நிற்கிறது, ஜிபிஎஸ்தான் கீழே இறங்கியிருக்கிறது.

மிச்சம் அரை மி.மீ. இரண்டு தீவிலும் பொதுவாக நிற்கிறதே, அதுவும் அழுத்தம்தான். தர வளிமண்டலம் கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்கிறது, அந்தக் கடலில் சராசரியே 1010, 1011 பக்கம்தான். வெப்பமண்டலத்தில் அழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும், காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உச்சம். நிலையான அழுத்தத்தைப் போட்டால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே பொய்யான நீராவி அலையாக வரும். இஆர்ஏ5 என்ற வானிலை மறுஆய்வுத் தரவில் (அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துச் செய்தது) மணிக்கு மணி அழுத்தம் கிடைக்கும், அதைக் கடல் மட்டத்திலிருந்து ஆன்டெனாவின் உண்மையான உயரத்துக்கு ஏற்றிப் பயன்படுத்துங்கள். ஜியாய்டு உயரத்துக்கு இஜிஎம்2008 என்ற ஈர்ப்பு மாதிரி போதும். ஒன்று மட்டும் கவனம்: இஆர்ஏ5-இன் நீராவியை ஒப்பிட எடுத்துவிடாதீர்கள், மைக்ரோவேவ் செயற்கைக்கோள் தரவை உள்ளே வாங்கித்தான் அது கணிக்கிறது, சாட்சியும் வழக்காடியும் ஒரே ஆளாகிவிடும். அழுத்தத்துக்கு அந்தப் பயம் இல்லை.

நீராவிக்கணக்கு

மிக்க நன்றி சார். கோப்பில் நீங்கள் சொன்ன அதே எண்கள்தான் இருந்தன. உயரத்தை மாற்றி, இஆர்ஏ5 அழுத்தம் போட்டு, வளையக் கட்டங்களை எடுத்து ஓட்டினேன். இரண்டு தீவிலும் வித்தியாசம் அரை மி.மீ.க்குள் வந்துவிட்டது, சிதறல் 2 மி.மீ. அளவில் இருக்கிறது. ஆம்சர்-இ படத்தில் அந்தக் கோடுகளும் போய்விட்டன. வான்பிக்சல் அண்ணா, இன்சாட்டையும் அதே நேரங்களுக்கு மட்டும் வைத்துப் பார்த்தேன், இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கியது.

இன்னொரு கேள்வி. சீஷெல்ஸில் மாஹே தீவு நிலையத்தையும் சேர்த்தேன், அங்கே இதே திருத்தம் போட்டும் செயற்கைக்கோள் பல மி.மீ. கூடுதலாகவே நிற்கிறது. அங்கே என்ன?

புவிப்புள்ளி

அந்த நிலையம் மலை மேல், ஐநூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. செயற்கைக்கோள் கடல் மட்டத்திலிருந்து மேலே உள்ள முழுக் காற்றையும் பார்க்கிறது, ஜிபிஎஸ்ஸுக்கு அடியில் உள்ள ஐநூறு மீட்டர் தெரியாது. ஈரம் அதிகம் இருப்பதே அந்த அடி அடுக்கில்தான். ஒரு கன மீட்டர் காற்றில் 18 கிராம் நீராவி என்று வைத்தாலும் அந்த ஐநூறு மீட்டரில் 9 மி.மீ. தண்ணீர். தரை ஈரப்பதத்தை வைத்து அந்த அடுக்கைக் கணக்கிட்டுச் சேர்க்கலாம், ஆனால் நீங்கள் தேடுவது அரை மி.மீ. வித்தியாசம், சேர்க்கும் திருத்தமோ 9 மி.மீ. அதில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உங்கள் விடை அடிபட்டுப்போகும். நானாக இருந்தால் சராசரி வித்தியாசக் கணக்கில் மாஹேயைச் சேர்க்க மாட்டேன். நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

வான்பிக்சல்

நல்லது. முடிவை எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கனமழையில் ஆம்சர்-2 கணிப்பு விடுபடும், ஜிபிஎஸ் மழையிலும் அளந்துகொண்டே இருக்கும். விடுபட்ட அந்த மணி நேரங்களில் ஜிபிஎஸ் எவ்வளவு காட்டியது என்று தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். காற்றில் நீராவி உச்சத்தில் இருப்பதே அப்போதுதான், அந்த நேரங்களைப் பற்றி உங்கள் அரை மி.மீ. எதுவும் சொல்லவில்லை என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.