புது வண்டி, முன்பக்கம் 'டொக்' சத்தம்

நீடாமங்கலத்தான்:
போன வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் 125 சிசி வண்டி எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அம்மாப்பேட்டை தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்கிறது. கையைத் தளர்த்தினால் இடப்பக்கம் இழுக்கிறது. ஷோரூமில் கேட்டால், "முதல் சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்." அதுவரை ஓட்டலாமா?

மன்னார்குடி மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லுங்கள், முன்சக்கரம் தூக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், லூஸ். அப்புறம் பின்சக்கரத்தில் செயின் அட்ஜஸ்டர் கோடு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். கோணலாக இருந்தால் இழுக்கத்தான் செய்யும்.

கும்பகோணம் 2 வீலர்:
காற்றையும் பாருங்கள். என் வண்டியில் முன்டயருக்கு 25 psi என்று ஸ்டிக்கர். கேஜ் வைத்தால் 42! பேட்டரி டெர்மினல் கையாலேயே சுழன்றது.

நீடாமங்கலத்தான்:
பார்த்துவிட்டேன் அண்ணே. கோன்செட் ஆட்டம்தான். வலதுபக்கக் கோடு ஒன்று தள்ளி இருந்தது, செயின் வீணைத் தந்தி மாதிரி விறைப்பு. போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். இருபது நிமிடத்தில் சரிசெய்தார்கள், காசு கேட்கவில்லை. செய்த வேலையை ஜாப் கார்டில் (சர்வீஸ் பதிவுச் சீட்டில்) எழுதச் சொன்னதற்குத்தான் முகம் சுளித்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். இப்போது யூரியா மூட்டை வைத்து ஓட்டினாலும் நேராகப் போகிறது.