பொருள்: தொப்புளில் வரும் புற்றுக்கட்டிக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

‘சிஸ்டர் மேரி ஜோசப் நாடியூல்’ என்பதைத் தமிழில் ‘தொப்புள் முடிச்சு’ என்று போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அதைக் கேட்டதும் பிறந்த பிள்ளைக்குக் கொடி கட்டுவதுதான் நினைவுக்கு வரும். முடிச்சு என்றால் பாடநூலில் பயறுச்செடியின் வேர்முடிச்சு வேறு.

பொருளைப் பார்ப்போம். வயிற்றறைப் புற்று தொப்புளில் வந்து முளைப்பதே இது. பெண்ணுறுப்புப் புற்றுகளில் சினைப்பையிலிருந்து வருவதே அதிகம். வயிற்றுறையிலிருந்து (வயிற்றின் உட்சவ்வு, பெரிட்டோனியம்) நேராக ஊடுருவலாம். நிணநீர், இரத்தம் வழியாகவும் வரலாம். கெட்டியாக, ஒழுங்கற்று இருக்கும். இருமினால் உந்தாது, அழுத்தினால் உள்ளே போகாது. சிக்கிய குடலிறக்கமும் அப்படித்தான் இருக்கும், ஏமாறுவது அங்கேதான். ஆகவே ஸ்கேனில் குடல் இல்லை என்று உறுதி செய்த பிறகே, சோதனைக்குச் செல்லெடுக்க நுண்ணூசி போட வேண்டும்.

என் பரிந்துரை: தொப்புள் சேய்ப்புற்று. சேய்மையும் உண்டு, தாய்ப்புற்றுக்குப் பிறந்தது என்ற பொருளும் உண்டு.

---

> என் பரிந்துரை: தொப்புள் சேய்ப்புற்று.

அழகுதான் ஐயா, ஆனால் ஆபத்து. தொப்புளும் சேயும் சேர்ந்தால் பச்சிளங்குழந்தையின் புற்று என்றே படிப்பார்கள். ‘பரவுகட்டி’ என்றால் தொற்றுநோய் என்று பயப்படுவார்கள். ‘படர்கட்டி’ படர்தாமரைக்குப் போய்விடும். ‘மூலப்புற்று’ என்று முதலிடத்தைச் சொன்னால் ஆசனவாய் நினைவு வரும்!

தொடங்கிய இடத்தில் இருப்பது முதற்புற்று, அங்கிருந்து பரவி வந்தது கிளைப்புற்று என்று வைப்போம். கிளை விட்டாலும் மரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். ‘இடம்பெயர்வு’ என்ற சொல் இதைச் சொல்லாது. அறிக்கையில் இப்படி எழுதலாம்: ‘தொப்புள் கிளைப்புற்று, முதற்புற்று: சினைப்பை. சிகே7, பாக்ஸ்8 நேர்மறை, சிகே20 எதிர்மறை.’ (இவை முதலிடத்தைக் கண்டறிய உதவும் திசுச்சாயக் குறியீடுகள்.) முதலிடத்தை எழுதாமல் விட்டால் பாதி அறிக்கைதான். சினைப்பைப் புற்றில் 2014 ஃபிகோ (மகப்பேறு, பெண்நோய் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு) வகைப்பாட்டின்படி இது 4பி நிலை.

---

கிளைப்புற்றை ஏற்கிறேன். ஆள்பெயரையும் முதன்முறை குறிப்பிடும்போது விடாமல் எழுதுவோம். நம் வார்டில் சிஸ்டர் என்றால் செவிலி. மேரி ஜோசப் கன்னியாஸ்திரீ, செவிலியும்கூட. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டாக்டர் வில்லியம் மேயோவின் அறுவை உதவியாளர். மேயோ இதை எழுதியது 1928இல். 1949இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லிதான் மேரி ஜோசப்பின் பெயரை இதற்கு இட்டார். அந்தச் சிஸ்டர் மறைந்து அப்போது பத்தாண்டு.

லாப்ராஸ்கோப்பி (சிறுதுளை அறுவை) துளைத் தழும்பில் வருவதை இதில் சேர்க்க வேண்டாம். அதற்குத் ‘துளைத்தழும்புக் கிளைப்புற்று’ எனத் தனிப்பதிவு.