ஹாயிலிலிருந்து ஜுப்பா பாறைச் செதுக்கல்கள்: ஒரே நாளில் முடியுமா?

மணல்மேடு:
வீட்டில் எல்லாரும் சவூதிக்கு விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ரியாத்திலிருந்து ரயிலில் ஹாயில் நகருக்குப் போகிறோம், அங்கே தம்பியிடம் கார் இருக்கிறது. ஜுப்பா பாறைச் செதுக்கல்களைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு மகன் அதே பேச்சாக இருக்கிறான். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப முடியுமா? சின்ன கார் போதுமா? அம்மாவுக்கு முட்டி வலி வேறு. இதேபோல செதுக்கல்கள் இருக்கும் ஷுவைமிஸையும் அன்றே பார்த்துவிடலாமா?

ஹாயில்வாசி:
ஜுப்பா மட்டும் என்றால் தாராளமாக முடியும். ஹாயிலுக்கு வடமேற்கே 90 கி.மீ. போல, தார்ச்சாலைதான், சின்ன காரே போதும். ஷுவைமிஸை இதோடு சேர்க்காதீர்கள். அது ஹாயிலுக்குத் தெற்கே சுமார் 250 கி.மீ., நேர் எதிர்ப்பக்கம். 2015இல் யுனெஸ்கோ இரண்டையும் ஒரே பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்தில் கேட் பூட்டியிருந்து வெளியே காத்துக் கிடந்திருக்கிறேன்.

பாலைப்பறவை:
மூன்று முறை போயிருக்கிறேன், இன்னும் ஆசை தீரவில்லை. விடிந்ததும் கிளம்புங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கோடுகள் எழுந்து நிற்கும், உச்சி வெயிலில் பாறை பளபளத்து ஒன்றும் தெரியாது. ஜுப்பாவில் செதுக்கல்கள் இருக்கும் மலையின் பெயர் உம் சின்மான். அதன் அடிவாரத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது, அதை உங்கள் மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சுற்றிலும் நஃபூத் பாலைவனத்து மணலைப் பார்த்துவிட்டு இங்கே எப்படி மாடு வரைந்தார்கள் என்று கட்டாயம் கேட்பான். தண்ணீர் இருந்தது, மாடும் மனிதனும் வந்தார்கள், அவ்வளவுதான். ஏரி வற்றிய பிறகு வந்தவர்கள் ஒட்டகம் செதுக்கினார்கள், தமூதிக் என்ற பழங்கால அரேபிய எழுத்தில் ஏதேதோ எழுதிவைத்தார்கள். எது பழசு என்று நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். பாறையின் மேல்தோல் கறுப்பு, கொத்தினால் உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும், ஆயிரக்கணக்கான வருடத்தில் அதுவும் மெல்லக் கறுத்துவிடும். அதனால் மங்கிப்போனது பழசு, பளிச்சென்று இருப்பது பிந்தியது. ஒரு கோட்டின் அருகே கண்ணை வைத்துப் பாருங்கள், அம்மி கொத்தியதுபோல புள்ளி புள்ளியாக இருக்கும். கல்லால் கல்லைத் தட்டித் தட்டி ஒரு மாட்டுக் கொம்பின் வளைவை அவ்வளவு அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கல்தச்சன்:
ஒன்றே ஒன்று. போட்டோவில் தெளிவாக விழவேண்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும் சாக்பீஸால் கோட்டின் மேல் வரைவதும் கூடவே கூடாது, கையால் தடவவும் விடாதீர்கள். அந்தக் கறுப்புத் தோல் போனால் நம் ஆயுளில் மறுபடி வராது.

மணல்மேடு:
ரொம்ப நன்றி, ஷுவைமிஸை விட்டுவிட்டோம். அம்மா மலை ஏற வேண்டியிருக்குமா?

ஹாயில்வாசி:
மேலே இருப்பவற்றுக்குப் படி ஏற வேண்டும். போன வருடம் என் மாமியார் ஏறவே இல்லை, கீழே இருந்த பாறைகளையே ஒரு மணி நேரம் பார்த்தார். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு. கையோடு ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள்.