எல்ஓடி + இசட்விஎஸ் டிரைவர்: 24 வோல்ட் கொடுத்தால் மாஸ்ஃபெட் போய்விடுகிறது

கேள்வி:
பழைய கலர் டிவியில் கழற்றிய எல்ஓடி (படக்குழாய்க்கு ஹை வோல்டேஜ் தரும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்), டையோடு உள்ளேயே இருக்கும் வகை. அதை ஓட்ட இசட்விஎஸ் டிரைவர் (வோல்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது இரண்டு மாஸ்ஃபெட் மாறி மாறி ஆன் ஆகும் ஆசிலேட்டர் சர்க்யூட்) கட்டினேன். ஃபெரைட்டின் வெறும் காலில் 1.5 ஸ்கொயர் (ச.மி.மீ.) ஒயரில் 5+5 சுற்று, நடுவில் டேப் (இணைப்பு வெளியே எடுத்தது). இரண்டு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்; கேட், டிரெய்ன், சோர்ஸ் என மூன்று கால்), கேட்டுக்கு 470 ஓம் கால் வாட், 0.68 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டர், 100 மைக்ரோஹென்றி சோக். 12 வோல்ட்டில் ஸ்பார்க் வருகிறது. 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) மாட்டியதும் ஒரு மாஸ்ஃபெட் டிரெய்ன்-சோர்ஸ் ஷார்ட். புதிது போட்டாலும் அப்படியே. சில சமயம் 12-இலேயே ஸ்பார்க் வராமல் மாஸ்ஃபெட் கொதிக்கிறது. எங்கே பார்ப்பது சார்?

பதில் 1:
இந்த சர்க்யூட்டில் டிரெய்னில் எழும் உச்சம் சப்ளையைப்போல் சுமார் 3.14 மடங்கு. 12-க்கு 38 வோல்ட், 24-க்கு 75 வோல்ட். உங்கள் மாஸ்ஃபெட் தாங்குவது 55 தான். 200 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி250என் போடுங்கள், தனித்தனி ஹீட் சிங்க்கில்.

ஜீனர் (வோல்டேஜ் எல்லை தாண்டாமல் பிடிக்கும் டையோடு) பற்றி நீங்கள் சொல்லவே இல்லை. கேட்-சோர்ஸ் எல்லை 20 வோல்ட். ஒவ்வொரு கேட்டிலும் 12 வோல்ட் 1 வாட் ஜீனரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் கட்டாயம். 470 ஓம் 2 வாட்டாக இருக்கட்டும், கால் வாட் கருகிவிடும். கேட்டிலிருந்து எதிர்ப்பக்க டிரெய்னுக்குப் போகும் டையோடு யூஎஃப்4007. சாதா 4007 இந்த வேகத்துக்கு ஆகாது.

பதில் 2:
12-இல் ஸ்பார்க் வராததற்குக் காரணம் வேறு. எஸ்எம்பிஎஸ் வோல்டேஜ் மெதுவாக ஏறினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றாக ஆன் ஆகி அப்படியே நின்றுவிடும். ஆசிலேஷன் கிடையாது, சோக் வழியாக நேர் ஷார்ட். சப்ளையை முதலில் ஆன் செய்து, வோல்டேஜ் நிலைத்த பிறகு போர்டுக்குப் போகும் சுவிட்சைப் போடுங்கள். அந்த ஒயரிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். ஸ்பார்க் இழுக்கும்போது சப்ளை தொய்ந்தாலும் இதே கோளாறு வரும்.

சுற்றின் திசையையும் பாருங்கள். பத்துச் சுற்றும் ஒரே திசையில் ஓட வேண்டும்.

கேட்டவர்:
மாற்றியாச்சு, 24-இல் நிற்கிறது. ஆனால் கெப்பாசிட்டர் சீக்கிரமே சூடாகிறது. எல்ஓடியின் கிரவுண்ட் பின் (ஹை வோல்டேஜ் திரும்பி வரும் பின்) சரிதானா என்றும் சந்தேகம்.

பதில் 1:
கெப்பாசிட்டருக்கும் காயிலுக்கும் இடையே பல ஆம்பியர் சுழல்கிறது, பாலியஸ்டர் தாங்காது. பாலிப்ரொப்பிலீன் எம்கேபி வேண்டும். பழுதான இண்டக்‌ஷன் அடுப்பில் காயில் பக்கம் இருக்கும் 0.3 மைக்ரோஃபாரட் அளவு, 1200 வோல்ட் கெப்பாசிட்டர் அருமையாகப் பொருந்தும். இரண்டை இணையாகக் கட்டுங்கள்.

கிரவுண்ட் பின்னை மீட்டரால் பிடிக்க முடியாது, உள்ளே டையோடு தடுக்கும். 12 வோல்ட்டில் ஓடவிட்டு, எல்ஓடியின் சிவப்பு ஒயரை (ஹை வோல்டேஜ் வெளிவரும் ஒயர்) நீளமான பிவிசி குழாய் முனையில் கட்டி, ஒவ்வொரு பின் அருகிலும் ஒரு நொடி காட்டுங்கள். எதற்கு நீளமான, பலமான ஸ்பார்க் போகிறதோ அதுதான். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

ஸ்பார்க் இடைவெளி ஒன்றரை செ.மீ. தாண்ட வேண்டாம். இழுக்க வழியில்லாவிட்டால் வோல்டேஜ் ஏறி எல்ஓடிக்குள்ளேயே இன்சுலேஷன் உடையும். உஸ்ஸென்ற சத்தமும் கருகல் வாடையும் வந்தால் அந்த எல்ஓடி முடிந்தது. நிறுத்திய பிறகும் சிவப்பு ஒயரில் சார்ஜ் நிற்கும். குழாயைப் பிடித்தபடியே அதைக் கிரவுண்ட் பின்னில் தொடவிட்டு, அப்புறம்தான் கை வையுங்கள்.

இன்னொருவர்:
மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. டிரைவரே இல்லாமல் அதில் ஸ்பார்க் எடுக்கலாமா?

பதில் 2:
வேண்டாம் தம்பி. 2000 வோல்ட் அளவில் அரை ஆம்பியருக்கு மேல் தரும், 0.1 ஆம்பியரே உயிரை எடுக்கும். செகண்டரியின் ஒரு முனை இரும்புச் சட்டத்திலேயே இணைந்திருக்கும், அதனால் சட்டமும் ஆபத்து. செகண்டரியை அறுத்து எடுத்துவிட்டு, 35 ஸ்கொயர் வெல்டிங் கேபிளில் இரண்டு சுற்றுப் போடுங்கள். சுற்றுக்கு ஏறக்குறைய 1 வோல்ட் வரும், ஸ்பாட் வெல்டருக்கு அது போதும்.